மாஸ்டர் மோஷாயின் அட்டைகள்

புதுடில்லியில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் நந்தலால் போஸின் ஆக்கங்கள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. ஒரே ஓவியரின் 7,000 ஆக்கங்கள் என்றதும் சுவரை நிறைக்கும் பெரும் ஓவியங்களை மனக்கண்ணில் வரிசையாக நிறுத்திப் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அவற்றுள் கணிசமானவை தபால் அட்டை அளவேயான சிறு சித்திரங்கள். குடம் சுமந்து செல்லும் சந்தால் பெண், சேற்றில் படுத்திருக்கும் எருமை, வயல் நடுவே ஒற்றைப் பனை, வெயிலில் படுத்துறங்கும் நாய் என்று அன்றன்று கண்ணிற் பட்டவற்றை அன்றன்றே வரைந்து வைத்த ஒரு மனிதரின் நாட்குறிப்பு அது.

தண்டி யாத்திரையில் தடியூன்றி நடக்கும் காந்தியை 1930இல் லினோ அச்சில் செதுக்கியவர், இந்திய அரசியலமைப்பின் மூலப் பிரதியைச் சித்திரங்களால் அழகுபடுத்தியவர் என்ற இரண்டு வாக்கியங்களுடன் பொதுவாக நந்தலாலின் வரலாறு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தேடிச் செல்பவர் அவரது சட்டைப்பையில் இருந்த வெற்று அட்டைகளிடம்தான் வந்து சேரவேண்டும் என்பது எனது கருத்து.

நந்தலால் 1882 டிசம்பர் 3ஆம் திகதி பீகாரின் முங்கேர் மாவட்டத்தில் பிறந்தவர். 1905இல் கல்கத்தா அரசாங்கக் கலைப் பாடசாலையில் சேர்ந்தார். ஆங்கிலேயர் இந்தியாவில் நிறுவிய கலைப் பாடசாலைகளில் அக்காலத்தில் சித்திரம் கற்பது எப்படி என்பதை இங்கு சற்று விளக்க வேண்டும். இலண்டன் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட முறை அது. கிரேக்கச் சிலைகளின் சாந்து வார்ப்புகளை முன்னால் வைத்து, அளவெடுத்து, நிழல் தீட்டிப் பிரதி செய்ய வேண்டும். வங்காளத்து மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் நிற்கும் பசுவை ஒருநாளும் வரையாமலே அப்பொலோவின் மூக்கைப் பிழையற வரையக் கற்றுக்கொண்டு வெளியேறலாம். அதிபராக இருந்த ஈ. பி. ஹாவெல் இதனை மாற்ற முற்பட்டார். பாடசாலைச் சேகரிப்பிலிருந்த ஐரோப்பியப் படங்களை அவர் அகற்றியபோது எதிர்ப்புத் தெரிவித்துக் கிளர்ந்தவர்கள் வேறு யாருமல்லர், மாணவர்களே! ஹாவெலின் துணையாக வந்த அவனீந்திரநாத் தாகூரிடம்தான் நந்தலால் பயின்றார்.

1909-10 குளிர்காலத்தில் கிறிஸ்தியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய அம்மையார் அஜந்தாக் குகை ஓவியங்களைப் பிரதி செய்ய வந்தபோது உதவிக்குச் சென்ற இளைஞர்களுள் நந்தலாலும் ஒருவர். புராணக் காட்சிகளையும் இலக்கியப் பாத்திரங்களையும் மென்னிறங்களில் தீட்டிக்கொண்டிருந்த அவருக்கு, சமையற்கட்டும் சந்தையும் யானைப்பாகனும் ஊர்ச்சனமும் நிறைந்த அந்தச் சுவர்கள் புதிய பாடமாயின. பின்னர் யப்பானிய அறிஞர் ஒக்காகுரா ககுசோவின் போதனையும் அவருக்குக் கிட்டியது. மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக அடுக்கி, ஒன்று இயற்கை, ஒன்று மரபு, ஒன்று சுயம், இவற்றில் எது குறைந்தாலும் கலை நிற்காது என்று ஒக்காகுரா விளக்கியதைப் பிற்காலத்தில் தம் மாணவர்களுக்கு நந்தலால் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1916இல் யப்பானிய ஓவியர் அராய் கம்போ தாகூர் குடும்பத்தாரின் ஜொராசங்கோ மாளிகைக்கு வந்து தங்கினார். தூரிகையை மையில் தோய்த்து ஒரே வீச்சில் வரையும் முறை அவர் மூலம் நந்தலாலின் கைக்கு வந்தது.

சாந்திநிகேதனில் கலாபவனம் 1919இல் தொடங்கியது. 1922 முதல் 1951 வரை அதன் தலைமைப் பொறுப்பு நந்தலாலிடம் இருந்தது. மாணவர்கள் அவரை மாஸ்டர் மோஷாய் என்று அழைத்தனர். நம் ஊர்களில் மாஸ்டர் என்று சொல்லும்போது இருக்கும் அதே மரியாதையும் அதே உரிமையும் அச்சொல்லில் உண்டு. கலாபவனத்தின் ஆரம்ப காலத்தில் இறுக்கமான பாடத்திட்டம் இருக்கவில்லை, பரீட்சையும் இருக்கவில்லை. மாணவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றுதான். சித்திரக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். சந்தால் கிராமங்கள், சந்தை, செம்மண் பள்ளங்கள், கோபாய் ஆற்றங்கரை எல்லாம் வகுப்பறைகள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ராஜ்கீர் போன்ற இடங்களுக்கு யாத்திரை போவதும் உண்டு. போகுமிடமெல்லாம் வரைவது மாஸ்டரும்தான். தான் செய்யாத ஒன்றை மாணவரைச் செய்யச் சொல்லும் ஆசிரியராக அவர் இருக்கவில்லை.

பொருளைப் பார்த்துக்கொண்டே வரைவதுடன் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நன்றாகப் பார், பிறகு வந்து நினைவிலிருந்து வரை என்பதும் அவரது முறை. இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முந்திய தலைமுறைச் செய்தியாளர்கள் கூட்டத்தில் குறிப்பெடுக்க முடியாதபோது காரியாலயத்துக்குத் திரும்பி வந்துதான் எழுதினார்கள். அலங்காரப் பேச்சு மறந்துபோகும், சாரம் மட்டும் எஞ்சும். நினைவு ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியர். நந்தலாலின் அட்டைகளிலும் எஞ்சியிருப்பது அந்தச் சாரமே. எருமையின் முதுகு ஒரே கோடு, அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

சத்யஜித் ராய் 1940 முதல் 1942 வரை இங்கு பயின்றவர். மரத்தை மேலிருந்து கீழாக வரையாதே, மரம் நிலத்திலிருந்து மேல்நோக்கி வளர்கிறது, உன் தூரிகையும் அடியிலிருந்து மேலே போகட்டும் என்று மாஸ்டர் திருத்தியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இது வெறும் கைநுட்பம் பற்றிய அறிவுரையன்று. வரைபவன் மரத்தின் தோற்றத்தைப் பிரதி செய்வதை விட்டு, அது வளர்ந்த விதத்தைத் தன் கையால் ஒருமுறை செய்து பார்க்கிறான். ராய் படிப்பை முடிக்காமலே கல்கத்தா திரும்பிவிட்டார். ஆனால் 'பதேர் பாஞ்சாலி'க்கு அவர் ஒழுங்கான திரைக்கதைப் பிரதி எழுதவில்லை. காட்சி காட்சியாக மையால் வரைந்த சித்திரக் கொப்பியே அப்படத்தின் பிரதி! பிற்காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் சிவப்புத் துணி அட்டையிட்ட கணக்குக் கொப்பிகளில் அவர் வரைந்து வைத்தவை இன்று தனிப் புதையலாக மதிக்கப்படுகின்றன.

அட்டைகள் கொப்பியோடு கட்டப்பட்டவையல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கொப்பி வைத்திருப்பவரிடமே தங்கும், அட்டையோ கைமாறும். நந்தலால் அவற்றை மாணவருக்கும் நண்பருக்கும் கடிதமாக அனுப்பினார், கேட்டவருக்குக் கொடுத்தார். ரவீந்திரநாத் தாகூர் வங்கக் குழந்தைகளுக்காக எழுதிய 'சகஜ் பாட்' என்ற அரிச்சுவடி நூல் 1930இல் வெளிவந்தபோது, அதற்கு நந்தலால் செதுக்கிய லினோ படங்களில் இதே கிராமத்து மனிதர்களும் மரங்களும் மாடுகளும் கறுப்பு வெள்ளையில் வந்து நின்றனர். தலைமுறை தலைமுறையாக வங்காளிகள் அ, ஆ கற்றது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

1934இல் தாகூர் தமது 'சாபமோசன்' நாட்டிய நாடகக் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். நந்தலாலும் உடன் வந்தார். ஹொரணையில் ஸ்ரீபாலி கல்விநிலையத்துக்குத் தாகூர் அடிக்கல் நாட்டியது அப்பயணத்திலேயே. அந்தக் காலகட்டத்தில் நம் நாட்டிலிருந்து சாந்திநிகேதன் சென்றவர்களுள் எல். ரி. பி. மஞ்சுசிறீயை மறக்க முடியாது. 1932இல் பௌத்த துறவியாக, சீன மொழி கற்கவென்று போனவர் சித்திரக்காரராகத் திரும்பினார். பின்னர் பல பத்தாண்டுகள் விகாரை விகாரையாக அலைந்து, அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தார். 1943 குழுவின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவராகி, 1979இல் மக்சேசே விருதும் பெற்றார். அவர் பிரதி செய்திராவிட்டால் சில சுவர்களில் என்ன இருந்தது என்பதே இன்று நமக்குத் தெரிய வந்திராது.

இனி ஹரிபுரா. குஜராத்தின் பர்தோலிப் பகுதியில் உள்ள இக்கிராமத்தில் 1938 பெப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. பந்தல்களை அழகுபடுத்தும் பணியைக் காந்தி நந்தலாலிடம் ஒப்படைத்தார். நிபந்தனை ஒன்று இருந்தது. கிராமத்துப் பொருள்களால், கிராமத்து மக்கள் பார்க்கும்படியாகச் செய்ய வேண்டும். காலமோ குறைவு. நந்தலால் கையால் செய்த காகிதத்தை அட்டையில் ஒட்டி, மண் நிறங்களைக் குழைத்து, இரண்டடி உயரம் அளவிலான படங்களை வரையத் தொடங்கினார். அவர் தம் கையால் வரைந்தவை 80க்கும் மேல். மாணவர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் 400 அளவில் வரும்.

அந்தப் படங்களில் தலைவர்கள் இல்லை, கொடிகள் இல்லை, முழக்கங்கள் இல்லை. மேளம் அடிப்பவன், தச்சன், கொல்லன், செருப்புத் தைப்பவன், நூல் நூற்கும் பெண், காளையை அடக்குபவன், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் ஆகியோரே இருக்கின்றனர். வளைவின் கீழ் ஓர் உருவம், தடித்த தூரிகைக் கோடு, மூன்று நான்கு நிறம், அவ்வளவே. மாநாட்டுக்கு வந்த விவசாயி வாசலில் தலை நிமிர்ந்து பார்த்தபோது தன்னையே பார்த்தான். அந்நாளைய அரசியல் கூட்டமொன்றில் இது சாதாரண காரியமன்று. சில வாரங்களில் இத்தனை படங்கள் எப்படிச் சாத்தியமாயின என்று வியப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வியப்பில்லை. அந்தத் தச்சனையும் அந்தக் காளையையும் கை இருபது வருடமாக அட்டைகளில் வரைந்து வந்திருக்கிறது. ஹரிபுராவில் அளவு மட்டும் பெரிதாயிற்று.

அரசியலமைப்புப் பிரதியின் கதையிலும் இதே பழக்கத்தின் தடத்தைக் காணலாம். அசோகத் தூணின் சிங்கமுகச் சின்னத்தை வரையும் வேலை தினநாத் பார்கவா என்ற இளம் மாணவரிடம் கொடுக்கப்பட்டது. சாரநாத் சிலையைப் பார்த்து வரைந்தால் போதுமே என்று நாம் நினைப்போம். மாஸ்டர் அவரைக் கல்கத்தா மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் உயிருள்ள சிங்கங்களைப் பார்த்து வரும்படி அனுப்பினார் என்று கூறப்படுகிறது. சாந்து வார்ப்பைப் பிரதி செய்யக் கற்பித்த பாடசாலையிலிருந்து வெளியே வந்தவர் வேறு என்ன சொல்லியிருப்பார்!

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. நந்தலாலின் அட்டைகளில் பசி எங்கே? 1943இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் காவுகொண்டபோது அவர் அன்னபூரணியின் முன் எலும்புக்கூடாக நிற்கும் சிவனைத் தீட்டினார். வலிமையான படம்தான், ஆனால் புராணத்தின் வழியாக வந்த துயரம் அது. அதே வேளையில், நந்தலால் பயின்ற அதே கல்கத்தாக் கலைப் பாடசாலையில் சித்திர ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபெதீன் தெருவுக்கு இறங்கினார். மலிவான பொதிசுற்றும் காகிதத்தில், கறுப்பு மையில், நடைபாதையில் செத்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களருகே காத்திருந்த காகங்களையும் வரைந்தார். சித்தப்பிரசாத் மிதினாபூரில் நடந்து நடந்து வரைந்து 'பசித்த வங்காளம்' என்ற பிரசுரமாக வெளியிட, ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறித்து எரித்தது. ஆசிரியரின் அன்றாடக் கோடு எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு ஜைனுல் ஆபெதீனே இறுதியான உதாரணம் என்று நினைக்கிறேன். சாந்திநிகேதனின் செம்மண் வெளியில் சந்தால் மக்கள் எப்போதும் ஆடிக்கொண்டும் உழைத்துக்கொண்டும் இருக்கின்றனர். அவர்கள் பட்ட கடன் அட்டையில் விழவில்லை. அதற்காக நந்தலாலின் கோட்டின் உண்மை குறைந்துவிடாது. அதன் எல்லை எங்கே என்பதை நாம் அறிந்துகொள்கிறோம்.

1951இல் விசுவபாரதி மத்திய பல்கலைக்கழகமாகியது. அவ்வாண்டிலேயே நந்தலால் ஓய்வு பெற்றார். முதுமையிலும் கறுப்பு மையில் சிறு சித்திரங்கள் வரைவது தொடர்ந்தது. 1966 ஏப்ரல் 16இல் காலமானார். கலை பற்றிய அவரது எழுத்துகளை ஆங்கிலத்தில் தந்தவர் அவரது மாணவர் கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவரான இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் சாந்திநிகேதன் வந்தவர்.

ஆனால் மாஸ்டரின் மாணவர்களுள் வினோத் பிஹாரி முகர்ஜியின் கதையே என்னை அதிகம் தொடுவது. பிறவியிலேயே பார்வை குறைந்தவர். ஒரு கண் பயன்படாது, மறு கண்ணும் மங்கல். கலாபவனத்தின் முதல் மாணவர்களுள் ஒருவராக வந்து, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1946-47இல் இந்தி பவனத்தின் சுவர்களில் மத்தியகாலப் பக்தக் கவிஞர்களை அவர் தீட்டியபோது, முழு அளவு மாதிரி வரைபடம் எதுவுமின்றி ஈரச் சாந்தில் நேரடியாகவே வரைந்தார். 1957இல் கண் சத்திரசிகிச்சை ஒன்று தவறிப்போக, எஞ்சியிருந்த பார்வையும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 53.

அதன் பின்னும் அவர் வரைந்தார். தாளின் ஓரத்தை இடது கையால் தடவி அளந்துகொண்டு, பேனாவால் கோடிழுத்தார். மெழுகில் உருவங்கள் பிடித்தார். வர்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டினார், எந்த நிறம் எது என்று அருகிலிருப்பவரிடம் கேட்டுக்கொண்டு. 1972இல் கலாபவனத்தின் சுவரொன்றுக்கு ஓடுகளால் ஆன பெரிய சித்திரம் ஒன்றை அமைத்தார். அவரைப் பற்றி அதே ஆண்டில் 'அகக்கண்' என்ற பொருள்படும் பெயரில் ஆவணப்படம் எடுத்தவர் அவரது பழைய மாணவரான சத்யஜித் ராய். அப்படத்தில் முகர்ஜியின் கையை நெருங்கிக் காட்டும் இடங்கள் உண்டு. தாளின்மேல் விரல்கள் ஒரு கணம் நின்று, இடத்தைத் தேடி, பின் தயக்கமின்றிக் கோடு ஒன்றை இழுக்கின்றன.