ஊசி முனை எங்கே?

நாவலூரில், ராஜீவ் காந்தி சாலை ஓரமாகச் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வாசல்களில் நிற்கும் பிள்ளைகள் யாரும் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பதில்லை. செல்போனைத்தான் பார்க்கிறார்கள். சிறுசேரி தாண்டிவிட்டது, சிக்னலில் நிற்கிறது, இதோ இரண்டு நிமிடம்... கார் பொம்மையாக நகர்கிறது. பத்தடி முன்னே பின்னே காட்டினாலும் மோசமில்லை. நடந்து போய் ஏறிக்கொள்ளலாம்.

இதே வித்தையைக் கண்ணுக்குள்ளே செய்ய வேண்டுமென்றால்?

நம் கண் உருண்டையின் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். அதன் பின்சுவரில் இருக்கிற விழித்திரையின் தடிமன், கால் மில்லிமீட்டர் சுமாருக்கு. அதன் மேல் படர்ந்த சவ்வை உரிக்கப் போகிற டாக்டரின் கை, எவ்வளவு தேர்ந்த கையானாலும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நடுங்கும். கருவியின் முனை இந்த நொடியில் எங்கே இருக்கிறது? கண் ஆபரேஷனின் நீண்ட சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம்.

சுஸ்ருதர் இதற்குக் காதால் பதில் தேடினார். கண்புரைக்கு அவர் சொன்ன முறை இது: நோயாளி தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலது கண் என்றால் வைத்தியர் இடது கையால் குத்த வேண்டும், இடது கண் என்றால் வலது கையால். வெள்ளை விழியில், ரத்தக் குழாய்களை ஒதுக்கி, எட்டு அங்குலிச் சலாகையின் முனை இறங்க வேண்டும். சரியான இடத்தில் இறங்கினால் ஒரு சத்தம் கேட்கும், ஒரு சொட்டு நீர் வரும். அதுதான் அடையாளம்! சலாகையின் நடுவே நூல் சுற்றியிருக்கும். பிற்காலத்து நாட்டு வைத்தியர்கள் அந்த நூலையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். நூல் தட்டினால் போதும், அதற்குமேல் உள்ளே போகாதே.

புரை விழுந்த லென்ஸை அவர்கள் வெளியே எடுப்பதில்லை. உள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். திரை விலகிய மாதிரி வெளிச்சம் வரும். "இது எத்தனை விரல்?" என்று வைத்தியர் கேட்பார். கிழவி சரியாகச் சொல்வாள். வீடே அழும். கூலியை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவார். சீழ் பிடித்து, வலி மண்டையைப் பிளக்கும்போது ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். பி.காம். படித்த புத்தி எனக்கு. வரவை உடனே எழுதி, செலவை அடுத்த வருஷக் கணக்கில் ஒளிக்கிற கம்பெனிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அந்தச் செலவுக் கணக்கை எழுத உட்கார்ந்தவர் ஒரு வெள்ளைக்காரர். ராபர்ட் ஹென்றி எலியட். 1819-ல் தொடங்கி, பிற்பாடு எழும்பூருக்கு வந்துசேர்ந்த சென்னை அரசு கண் மருத்துவமனைக்கு 1904 முதல் பத்து வருஷம் தலைமை வகித்தவர். நாட்டு வைத்தியர்கள் கைவைத்துக் கெட்டுப்போன கண்கள் அவரிடம் வந்துகொண்டே இருந்தன. வேறு டாக்டராக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். எலியட், அகற்ற வேண்டி வந்த கண்களைச் சேர்த்துவைத்தார். குறுக்கே வெட்டினார். ஊசி எந்த வழியாக நுழைந்தது, எங்கே கிழித்தது, தள்ளிவிடப்பட்ட லென்ஸ் எங்கே போய்க் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். 1917-ல் லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இதைப் பற்றியே சொற்பொழிவாற்றி, அடுத்த வருஷம் புத்தகமாகவும் போட்டார்.

கொஞ்சம் யோசியுங்கள். ஊசி முனை போன பாதை முதல்முறையாகத் தெளிவாகப் படமாகிறது. ஆனால், அந்தக் கண்ணுக்கு இனி எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நோயாளிகளின் பெயர்களை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

(எலியட்டின் மிச்சக் கதையும் சுவாரஸ்யம். லண்டன் திரும்பியவர், மேஜிக் சர்க்கிள் என்ற மந்திரவாதிகள் சங்கத்தில் ஒரு கமிட்டிக்குத் தலைவரானார். இந்தியக் கயிறு வித்தையை நிஜமாகச் செய்துகாட்டினால் 500 கினி பரிசு என்று 1934-ல் சவால் விட்டது அந்தக் கமிட்டி. பரிசு கடைசிவரை யாருக்கும் தரப்படவில்லை. கண்கட்டு வித்தைகளை அவரிடம் காட்ட முடியுமா!)

உயிரோடிருக்கிற கண்ணின் உட்சுவரைப் பார்க்கும் கருவியை, ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால், பார்த்துக்கொண்டே உள்ளே வேலை செய்வது வேறு சமாச்சாரம். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். 1921-ல் சுவீடனில் காது டாக்டர்கள் அதை ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். கண் டாக்டர்களுக்கு அது வந்துசேர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1970-ல் அமெரிக்காவின் மியாமியில் ராபர்ட் மாக்கெமர், வெள்ளை விழி வழியாகச் சின்னக் குழாய்க் கருவியை நுழைத்து, கண்ணின் நடுவே நிறைந்திருக்கும் கூழை வெட்டி உறிஞ்சினார். சுஸ்ருதர் போன பக்கவாட்டு வழிதான் ஏறக்குறைய!

இப்போது முனை தெரிகிறது. ஆனால், ஆழம்? இதற்கு டாக்டர்கள் கண்டுபிடித்த தந்திரம் அழகானது. கண்ணுக்குள் ஒரு குட்டி விளக்கை நுழைக்கிறார்கள். கருவியின் நிழல் விழித்திரையில் விழுகிறது. முனை நெருங்க நெருங்க நிழலும் ஓடிவருகிறது. முனையும் நிழலும் தொட்டுக்கொண்டால், கருவி விழித்திரையில் முட்டுகிறது என்று அர்த்தம். சுவரில் நிழல் பார்த்து மான், கழுகு செய்தோமே, அதே கணக்கு.

1991-ல் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங், ஃபுஜிமோட்டோ குழுவினர், ஒளியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. முறையை வெளியிட்டார்கள். எலியட் கத்தியால் வெட்டிப் பார்த்ததை, இது வெட்டாமலேயே காட்டியது. 2010-களில் அதை மைக்ராஸ்கோப்போடு இணைத்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே அடுக்கு அடுக்காக விழித்திரை தெரிந்தது. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மக்லாரன், கை நடுக்கத்தை வடிகட்டும் ரோபாட்டைக் கொண்டு நோயாளியின் கண்ணுக்குள் சவ்வை உரித்தார்.

சரி, பிரச்னை தீர்ந்ததா என்றால், இல்லை. உலோகத்தை ஓ.சி.டி.யின் ஒளி ஊடுருவாது. கருவிக்குக் கீழே இருக்கிற இடம் படத்தில் கறுப்பாக மறைந்துவிடும். டாக்டர் எந்த இடத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டுமோ, அதே இடம்! ஒளி புகும் பொருளில் கருவி செய்தால் என்ன, முனையை கம்ப்யூட்டரே துரத்திப் பிடித்து, விழித்திரைக்கு எத்தனை மைக்ரான் தூரம் என்று திரையில் காட்டினால் என்ன என்று ஆராய்ச்சிக்கூடங்களில் மெனக்கெட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை, ஓ.சி.டி. திரை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாலும், டாக்டர் ஒரு கண்ணை அந்தப் பழைய நிழல் மேல்தான் வைத்திருக்கிறார்.