பக்திப் பாட்டும் பிறர் உரிமையும்



ரொக் இசை என்றாலே கூச்சலும் ஆட்டமும்தான் என்பது நம்மில் பலரின் எண்ணம். ஆனால் இறைவனைக் காணும் ஏக்கத்தில் பிறந்த ரொக் பாடல் ஒன்றும் உண்டு. அது நீதிமன்றப் படியேறியது. அதன் வரலாறு நமக்கும் ஒரு பாடம்.

பீட்டில்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜோர்ஜ் ஹரிசன், 1943இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். இருபத்தைந்து வயதுக்குள் பணமும் உலகப் புகழும் அவரைத் தேடி வந்தன. மனம்தான் நிறையவில்லை. 1966இல் இந்தியா சென்று ரவி சங்கரிடம் சித்தார் பயின்றார். 1968இல் ரிஷிகேஷில் தியானம் கற்றார்.

1969 டிசம்பரில், இசைப் பயணமொன்றில் கொபன்ஹேகனில் இருந்தபோது 'மை ஸ்வீட் லோட்' பாடலை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு புகழ்பெற்றிருந்த 'ஓ ஹெப்பி டே' என்ற கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலே அவருக்குத் தூண்டுதல். பின்னணிக் குரல்கள் முதலில் 'அல்லேலூயா' என்று பாடும். பிறகு மெல்ல 'ஹரே கிருஷ்ணா'வுக்கு மாறும். இரண்டும் ஒரே தேடல் என்பது அவர் நம்பிக்கை. அதில் நமக்கு உடன்பாடில்லாவிட்டாலும், அவரது ஏக்கம் உண்மையானது. 1970இன் இறுதியில் வெளியான பாடல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பிடித்தது.

1971இல் வழக்கு வந்தது. சிஃபோன்ஸ் என்ற பெண்கள் குழு 1963இல் பாடிய 'ஹீ இஸ் சோ ஃபைன்' என்ற காதல் பாட்டின் மெட்டு இது என்று அதன் உரிமையாளர்கள் முறையிட்டனர். அந்த மெட்டை அமைத்த ரொனி மெக் என்ற இளைஞர், பாட்டு வெற்றி பெற்ற அதே ஆண்டில் இறந்துவிட்டார்.

1976இல் நியூயோர்க் நீதிபதி தீர்ப்பளித்தார். ஹரிசன் வேண்டுமென்று திருடவில்லை. ஆழ்மனதில் பதிந்திருந்த மெட்டு அவரை அறியாமல் வெளிவந்திருக்கிறது. ஆனாலும் அது பிறர் உடைமை, ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்றார். இதற்கிடையில் ஹரிசனின் முன்னாள் முகாமையாளர் அலன் க்ளைன் அந்தப் பழைய பாட்டின் உரிமையைத் தானே விலைக்கு வாங்கி, வழக்கில் எதிர்த்தரப்பானார். 1981இல் நீதிமன்றம் அவரது இலாப ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. அவர் கொடுத்த விலையான 587,000 டொலரை மட்டும் பெற்றுக்கொண்டு, உரிமையை ஹரிசனிடம் ஒப்படைக்கச் சொன்னது.

நிய்யத் தூய்மையாக இருந்தது. ஆனால் தூய நிய்யத் அடுத்தவர் ஹக்கை இல்லாமல் ஆக்கிவிடாது. அல்லாஹ்வுக்குரிய கடமை வேறு, அடியார்களுக்குரிய கடமை வேறு என்று மத்ரசாவில் படித்தவர்கள்தானே நாம்?

நம் மீலாத் மேடைகளில் சினிமா மெட்டில் எத்தனை கஸீதாக்கள் ஒலிக்கின்றன! பாடும் பிள்ளைகள் மீது குற்றமில்லை. பழக்கிக் கொடுக்கும் பெரியவர்கள் நாம்தான் யோசிக்க வேண்டும். நமது ஊரிலேயே மெட்டமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மீலாத் போட்டிக்கு அவர்களைக் கேட்டுப் பார்ப்போமா? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.