தெருவோரத்தில் நிற்பவர்கள்: சிட்னி மார்டி க்ரா பேரணியும் அதன் பார்வையாளரும், 1978–2024

பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, பேரணி நடக்கும் சனிக்கிழமையன்று சிட்னியில் இறங்கும் பயணி ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. போகிற கூட்டத்தோடு நடந்தால் போதும். பலர் கையில் பால் பெட்டி அடுக்கும் பிளாஸ்டிக் கூடை இருக்கும். தடுப்புக் கம்பிக்குப் பின்னால் அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால்தான் முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேல் எதுவும் தெரியும். இருட்டியதும் மோட்டார் சைக்கிள்களில் பெண்கள் உறுமிக்கொண்டு வருகிறார்கள். அடுத்து ஆஸ்திரேலியத் தொல்குடியினர். அவர்களை ஒட்டி, தலை நரைத்த ஒரு கூட்டம் வருகிறது; நடக்க முடியாதவர்கள் பேருந்தில் இருந்தபடி கையசைக்கிறார்கள். ‘எழுபத்தெட்டுக்காரர்கள்’ என்பது அவர்களுக்கு ஊர் வைத்த பெயர். மற்ற ஊர்திகளுக்கு இல்லாத வகையில் இவர்கள் வரும்போது கைத்தட்டல் நீண்டுகொண்டே போகும்.

தெருவில் நடந்தவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தெருவோரத்தில் நின்றவர்களைப் பற்றி அந்த அளவுக்கு இல்லை. அந்தக் கூட்டம் எப்படி உருவானது, பேரணிக்கு என்ன செய்தது, பேரணியிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமைப் பேரணிகளில் வேடிக்கை பார்க்க வந்தவருக்கு வரலாற்றில் இடமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சிட்னியின் அனுபவம் அதை மறுக்கிறது.

1978 ஜூன் 24, சனிக்கிழமை. தன்பாலீர்ப்புள்ள ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து விலக்க கலிஃபோர்னியாவில் ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் முயன்றுகொண்டிருந்த சமயம் அது. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் போலீஸை எதிர்த்து நின்ற ஸ்டோன்வால் எழுச்சியின் ஆண்டு நினைவையொட்டி ஆதரவு காட்டும்படி சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சிட்னித் தோழர்களுக்குக் கடிதம் வந்தது. காலையில் ஊர்வலம், பிற்பகலில் கூட்டம் என்று வழக்கமான போராட்ட நாளாகவே அது கழிந்திருக்கும். ஆனால் இரவில் ஒரு தெருக் கொண்டாட்டம் வைக்கலாம் என்றார் செயற்பாட்டாளர் ரான் ஆஸ்டின். கோஷம் போடும் பகல் ஊர்வலத்துக்கு வரத் தயங்குபவர்கள், மதுக்கூடங்களுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடப்பவர்கள் இதற்காவது வருவார்கள் என்பது கணக்கு. ஒதுங்கி நிற்பவரை உள்ளே இழுக்கவே இந்தப் பேரணி திருவிழா வடிவம் எடுத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கொண்டாட்டம் பிற்பாடு சேர்ந்த அலங்காரம் என்று சொல்லப்படுவது ஆதாரத்தோடு ஒத்துப்போகவில்லை.

இரவு பத்தரை மணி அளவில் டெய்லர் சதுக்கத்திலிருந்து சில நூறு பேர் கிளம்பினார்கள். ஜூன் என்றால் அங்கே குளிர்காலம். முன்னால் ஒரேயொரு லாரி, அதில் ஒலிபெருக்கி. ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் மதுக்கூட வாசல்களில் நின்று வெளியே வரும்படி கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பலர் இறங்கிவந்து சேர, கூட்டம் பெருகியது. அனுமதி வாங்கியிருந்தும் ஹைட் பூங்காவை எட்டியதும் போலீஸ் லாரியைப் பறித்தது. கலைய மனமில்லாத கூட்டம் வில்லியம் தெரு வழியாக கிங்ஸ் கிராஸுக்குத் திரும்பியது. அங்கே டார்லிங்ஹர்ஸ்ட் சாலையில் போலீஸ் வளைத்துக்கொண்டது. 53 பேரை வண்டிகளில் ஏற்றி டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கைதானவர்களில் ஒருவரான பீட்டர் மர்ஃபி லாக்கப்பில் அடிபட்டது பின்னாளில் பலமுறை பதிவானது.

அடியைவிட ஆழமாகப் பாய்ந்தது அச்சு. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர், முகவரி, தொழில் மூன்றையும் ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ வெளியிட்டது. ஆண்களுக்கிடையிலான உறவுக்கு நியூ சவுத் வேல்ஸ் சட்டம் 14 ஆண்டுவரை சிறை விதித்திருந்த காலம் அது. வீட்டுக்குத் தெரியாமல் வாழ்ந்தவர்கள் ஒரே காலையில் ஊருக்கே தெரிந்துபோனார்கள். வேலை இழந்தவர்கள் உண்டு. வழக்குகளில் பெரும்பாலானவை பின்னர் கைவிடப்பட்டன. கைதுகளுக்குக் கருவியான சிறுகுற்றச் சட்டம் 1979இல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு மறுபடி நடந்தார்கள், யாரும் கைதாகவில்லை.

1978ஐப் பற்றிய சாட்சியங்களைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த இரவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போதாது. நள்ளிரவு, குளிர், இருட்டு. காவலர்கள் நினைத்ததைச் செய்ய முடிந்ததற்கு இவையும் காரணம் என்பதே என் துணிபு. அதனால்தான் 1981இல் பேரணியை ஜூனிலிருந்து பிப்ரவரிக் கோடைக்கு மாற்றிய முடிவு, இந்த வரலாற்றின் மையத் திருப்பம் என்று கருதுகிறேன். இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஸ்டோன்வால் நினைவு நாளிலிருந்து பேரணி துண்டிக்கப்படுகிறது, அரசியல் கரைந்து கேளிக்கை மிஞ்சும் என்றார்கள். பெண்கள் கணிசமானோர் விலகியும் போனார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் கோடை இரவு தெருவோரத்தை நிரப்பியது. குழந்தையைத் தோளில் தூக்கிவந்த பெற்றோர், வெளியூர்க்காரர், என்னதான் நடக்கிறது என்று எட்டிப்பார்க்க வந்தவர் என்று ஆண்டுக்காண்டு கூட்டம் தடித்தது. இத்தனை பேர் கண்ணெதிரே லாரியைப் பறிக்கவும் தலைமுடியைப் பிடித்து இழுக்கவும் எந்தக் காவல்துறையும் யோசிக்கும்.

1984இல் முதலமைச்சர் நெவில் ரான் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, மாநிலத்தில் ஆண் தன்பாலுறவு குற்றமல்ல என்றானது. சம்மத வயது சமமாவதற்கு 2003வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் எய்ட்ஸ் வந்தது. 1985இல் பேரணியைத் தடைசெய், நோய் பரவும் என்று குரல்கள் எழுந்தன. உயிருக்காகப் போராடுகிறோம் என்ற பொருள்படும் முழக்கத்தையே அந்த ஆண்டின் கருப்பொருளாக்கி நடந்தார்கள். மழை பெய்து பேரணி கெட வேண்டும் என்று போதகர் ஃபிரெட் நைல் ஆண்டுதோறும் பிரார்த்தித்துவந்தார். மக்கள் வருவதை நிறுத்தவில்லை. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய நகரத்தில் அந்த உடல்களுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1988 வெள்ளையர் குடியேற்றத்தின் 200ஆம் ஆண்டு. நாடே கொண்டாட்டத்தில் இருந்தபோது, தொல்குடியினரின் முதல் ஊர்தி மார்டி க்ராவில் வந்தது. தொல்குடியைச் சேர்ந்த நடனக் கலைஞரும் ஆசிரியருமான மால்கம் கோல், ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் வேடத்தில் படகில் நின்றார். படகை இழுத்துவந்தவர்கள் வெள்ளையர்கள். பல பக்க விளக்கம் வேண்டிய ஒரு வாதத்தைக் கம்பிக்குப் பின்னால் நின்ற சிறுவனுக்கும் புரியும்படி அந்தக் காட்சி சொல்லிவிட்டது. பேரணி நகரத்தின் மனசாட்சியோடு பேசிய தருணங்களில் இதையே முதலாவதாக வைப்பேன்.

அதே 1988 டிசம்பரில், அதே நகரத்தின் நார்த் ஹெட் பாறை முகட்டுக்குக் கீழே ஓர் அமெரிக்கர் பிணமாகக் கிடந்தார். கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்துகொண்டிருந்தவர், வயது 27. தற்கொலை என்று கோப்பை மூடினார்கள். குடும்பம் விடவில்லை. தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பால் நேர்ந்த மரணம் என்று 2017இல் மூன்றாவது விசாரணை முடிவுசெய்தது. 2023இல் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அக்காலத்தில் கடலோர முகடுகளிலும் பூங்காக்களிலும் நடந்த இத்தகைய கொலைகளை நீதிபதி ஜான் சாக்கர் தலைமையிலான விசாரணை ஆணையம் ஆராய்ந்து 2023 டிசம்பரில் அறிக்கை தந்தது. ஆண்டில் ஓர் இரவு தெருவோரம் நிறைந்திருந்தது. மற்ற இரவுகளில் பாறை முகடுகளில் யாருமில்லை. பார்வையாளர் கூட்டம் காப்பு என்று மேலே சொன்னேன். அந்தக் காப்பின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1990களில் பயணி வந்துசேர்ந்தார், விமானத்தில். 1994இல் எதிர்ப்புகளை மீறி ஏபிசி தொலைக்காட்சி பேரணியை ஒளிபரப்பியது. வெளிநாட்டவர் வருகையால் நகரத்துக்கு எவ்வளவு வருமானம் என்று பொருளாதார ஆய்வுகள் கணக்குப் போட்டன. ஒரு காலத்தில் லாக்கப்பைக் காட்டிய நகரம் விடுதி அறையைக் காட்டியது. ஆட்சியாளர்களின் மனமாற்றத்தில் பணத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயணியை நம்பிக் கட்டியது ஆட்டம் காணும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு வெளிநாட்டவர் வரத்துக் குறைந்தது, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது; 2002 ஆகஸ்டில் அமைப்பு கடனில் மூழ்கி கடன் தீர்வு நிர்வாகிகள் கைக்குப் போனது. சமூகக் குழுக்கள் சேர்ந்து புதிய அமைப்பை எழுப்பியதால் அடுத்த ஆண்டும் தெருவில் இறங்க முடிந்தது.

தெருவோரத்தில் யார் நிற்கவில்லை என்பதும் கேள்விதான். 2017இல் திருமணச் சமத்துவம் குறித்த அஞ்சல்வழிக் கருத்துக்கணிப்பில் நாடு 61.6 விழுக்காடு ஆதரவு தந்தது. ஆனால் குடியேறியோர் செறிந்த மேற்கு சிட்னியில் பல தொகுதிகள் எதிராக வாக்களித்தன. பிளாக்ஸ்லாந்தில் எதிர்ப்பு 73.9 விழுக்காடு. நம்மவர் நிறைய வாழும் வென்ட்வொர்த்வில் வட்டாரத்தை ஒட்டிய பாராமட்டா தொகுதியிலும் எதிர்ப்பே பெரும்பான்மை. ஆக்ஸ்ஃபோர்டு தெரு அங்கிருந்து ரயிலில் அரை மணிச் சொச்சத்தில் எட்டிவிடும் தூரம்தான். ‘டிரைகோன்’ என்ற தெற்காசியர் அமைப்பு சேலையும் மேளமுமாகப் பேரணியில் நடக்கும்போது, தடுப்புக்கு அப்பால் தங்கள் வீட்டார் யாரும் நிற்க மாட்டார்களா என்று தேடுகிற கண்கள் அதில் நிச்சயம் இருக்கும்.

2023இல் உலகப் பெருமித விழா சிட்னிக்கு வந்தபோது அந்தோணி ஆல்பனீஸ் பேரணியில் நடந்தார். பதவியிலிருக்கும் பிரதமர் ஒருவர் நடந்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் 2016 பிப்ரவரியில் மாநில நாடாளுமன்றமும் ‘ஹெரால்ட்’ இதழும் எழுபத்தெட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தன.

இன்று போகும் பயணி பாதையைக் கவனிக்க வேண்டும். 1978இல் டெய்லர் சதுக்கத்திலிருந்து ஹைட் பூங்கா நோக்கி இறங்கியவர்கள் மறிக்கப்பட்டார்கள். இப்போது ஹைட் பூங்காவில் தொடங்கி அதே தெருவில் மேலேறுகிறார்கள். பேரணிக்கு மறுநாள் பழைய டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையத்துக்கும் போய்வரலாம். 53 பேரை அடைத்த அந்தக் கட்டடம் 2024 பிப்ரவரியில் ‘க்யூடோப்பியா’ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அது திறந்த அதே மாதத்தில், பணியிலிருந்த காவலர் ஒருவர் மீது ஒரு தன்பாலீர்ப்பு இணையரைக் கொன்ற குற்றச்சாட்டு பதிவானது. 1998 முதல் பேரணியில் நடந்துவந்த போலீஸ் அந்த முறை வர வேண்டாம் என்று அமைப்பு கேட்டுக்கொண்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் சீருடையில்லாமல் நடக்க ஒப்புக்கொண்டார்கள். ஆண்டிறுதியில் காவல்துறையை விலக்கும் தீர்மானம் உறுப்பினர் வாக்கெடுப்புக்கு வந்து, மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது.