கேட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர்

கம்பெனி செக்ரட்டரி என்றால் பெயர்தான் பெரிது. போர்டு தீர்மானம் எழுதுவது, பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது, ரிஜிஸ்ட்ராருக்கு வருஷா வருஷம் படிவம் போடுவது, இவ்வளவுதான் என் பிழைப்பு. ஆனால் அந்தப் படிவங்களை அடுக்கி வைத்தால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் இருபது வருஷ சரித்திரம் ஓரளவு கிடைத்துவிடும். ஓரளவுதான். ஏனென்றால் இங்கே நடந்த பெரிய கைமாற்றங்கள் சில, இங்கே உள்ள எந்தப் பதிவேட்டிலும் நடக்கவில்லை.

சால்காம்ப் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் நோக்கியா இங்கே போன் செய்ய ஆரம்பித்தபோது, அதே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் சார்ஜர் செய்ய வந்த பின்லாந்து கம்பெனி அது. ஒரு காலத்தில் நோக்கியா வீட்டுப் பிள்ளையாகவே இருந்து, தனியாகப் பிரிந்தது. வரி வழக்கில் மாட்டிய நோக்கியா ஆலை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போக முடியாமல் 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த அந்த இடத்தை சால்காம்ப் எடுத்துக்கொள்கிறது என்று 2019 நவம்பரில் மத்திய அமைச்சர் அறிவித்தார். ஐந்து ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாய் முதலீடு என்றார். பின்லாந்துக்காரன் போனான், இன்னொரு பின்லாந்துக்காரன் வந்தான் என்றுதான் ஊரில் பலர் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அதே 2019-இல், சுவீடனின் நோர்ட்ஷெர்னான் தன் கையில் இருந்த சால்காம்பை சீனாவின் குவாங்டாங் மாகாணத்து லிங்யி ஐடெக்குக்கு விற்றிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பங்குகூடக் கைமாற வேண்டியிருக்கவில்லை. மாறியது மேல்மாடி.

லிங்யி, ஷென்ஷென் பங்குச்சந்தையில் உள்ள தனியார் கம்பெனி. நிறுவனர் ஸெங் ஃபாங்சின் என்ற பெண்மணி. பெரும்பங்கும் தலைமைப் பதவியும் அவரிடமே. சீனத் தனியார் கம்பெனிகளில் இது சகஜம். நம்மூர்க் குடும்பக் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு. 1994 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீனக் கம்பெனிச் சட்டம், இயக்குநர் குழுவுக்குப் பக்கத்தில் கண்காணிப்புக் குழு என்று இன்னொன்றையும் வைத்தது. பிறகு வந்த திருத்தத்தில், அதில் மூன்றில் ஒரு பங்காவது ஊழியர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நாற்காலிக்கு அதிகாரம் குறைவு என்பது என் எண்ணம். 2024 ஜூலை முதல் அதற்குப் பதில் தணிக்கைக் குழு வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிவிட்டது. இருந்தாலும் அங்கே சட்டப் புத்தகத்தில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். இங்கே பக்கத்துச் சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளிக்கு நம் சட்டம் அதுவும் போடவில்லை.

சீனாவிலிருந்து பிஒய்டி போல நேரடியாக வந்தவர்களிடம் யார் முதலாளி என்ற குழப்பம் இல்லை. ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர்தான் வேடிக்கை. சீனக் கார் கம்பெனியான ஜீலியின் லி ஷுஃபு 2018-இல் டைம்லரில் 9.69 சதவீதம் வாங்கினார். அடுத்த வருஷம் பெய்ஜிங் மாநகர அரசின் பிஏஐசி 5 சதவீதம் வாங்கியது. 2021 டிசம்பரில் லாரிப் பிரிவு தனியானபோது பழைய பங்குதாரர்களுக்கு அதிலும் பங்கு கிடைத்தது. ஆக ஒரகடத்து ஜெர்மன் லாரியில் பெய்ஜிங் மாநகராட்சிக்கும் ஒரு துணுக்கு!

டெல்லி விழித்துக்கொண்டது ஹெச்டிஎஃப்சியில் சீன மத்திய வங்கியின் பங்கு ஒரு சதவீதத்தைத் தாண்டியபோது. 2020 ஏப்ரல் 17-ஆம் தேதி வந்த பத்திரிகைக் குறிப்பு 3, இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் பணத்துக்கு அரசு அனுமதி கட்டாயம் என்றது. வெளிநாட்டில் நடக்கும் மறைமுகக் கைமாற்றமும் அதில் அடங்கும். சால்காம்ப் விற்பனை ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தால் அந்தக் கோப்பு டெல்லிக்குப் போயிருக்கும். ஆனால் எத்தனை சதவீதம் இருந்தால் உண்மையான உரிமையாளர் என்பதைக் குறிப்பு சொல்லாமல் விட்டுவிட்டது. பத்தா, இருபத்தைந்தா என்று எங்கள் தொழிலில் அடித்துக்கொண்டோம்.

உண்மையான உரிமையாளர் யார் என்று டெல்லி கேட்டது, கொரோனா சமயத்தில் இந்தியக் கம்பெனிகளை யாரும் சந்தர்ப்பம் பார்த்து வாங்கிவிடாமல் தடுக்க. சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் அதே கேள்வி உண்டு. கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டினால், உங்கள் கம்பெனியின் ஆண்டு அறிக்கையில் தாய்க் கம்பெனியின் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரைப் பிடித்து மேலே ஏறிப் பாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் சங்கத்துக்காரர்கள் இதைச் செய்ய வேண்டும்.