மூணு வருஷத்துக்குத்தான் சொந்தம்

என் பதிவு ஒன்றை ஒரு புள்ளிகூட மாற்றாமல் சுட்டு, யாரோ தன் பெயரில் போட்டுக்கொண்டார். ரெண்டு நாளா ஒரே வயித்தெரிச்சல். அப்பத்தான் ராபர்ட் பெஸ்லி ஞாபகம் வந்தார். சுடப்பட்டோர் சங்கம் என்று ஒன்று இருந்தால் அவர்தான் தலைவர்.

கௌபாய் படங்களில் தேடப்படும் ஆளுக்கு மரத்தில் போஸ்டர் அடித்திருப்பார்களே, அந்த எழுத்தைக் கவனிச்சிருக்கீங்களா? நெட்டையாக, ஒடுங்கி, முனைகளில் செங்கல் வைத்த மாதிரி தடித்த பாதங்களோடு நிற்கும். ஸ்லாப் செரிஃப் என்பார்கள். லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் 1815 வாக்கில் இதை முதலில் வெளியிட்டார். லாட்டரி, நாடகம், ஏலம் என்று சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டிய காலம் அது. தூரத்தில் போகிறவனையும் இழுத்து நிறுத்தணும், ஆனால் தாளின் அகலம் கூடாது. அதனால் எழுத்தைத் தடிப்பாக்கி, பக்கவாட்டில் நெருக்கினார்கள்.

1845-ல் லண்டன் ஃபேன் தெரு வார்ப்படசாலையிலிருந்து பெஸ்லி 'கிளாரண்டன்' எழுத்தைக் கொண்டுவந்தார். கொஞ்சம் ஒடுங்கிய, தடித்த எழுத்து. முந்தையவை போல முரட்டுத்தனம் கிடையாது. பாதம் தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய வளைவு. சாதா எழுத்தின் பக்கத்தில் வைத்தாலும் உறுத்தாது. அகராதியில் தலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் போடுகிறோமே, அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி!

பெஸ்லி உஷாராக அதைச் சட்டப்படி பதிவும் செய்தார். பாதுகாப்பு மூணே வருஷம். அது முடிந்ததுதான் தாமதம், மற்ற வார்ப்படசாலைகள் எல்லாம் ஆளுக்கொரு கிளாரண்டன் போட ஆரம்பித்துவிட்டன. மனுஷன் பொருமித் தீர்த்தார். கடைசியில் அந்தப் பெயரே ஒரு இனத்தின் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் கதை இன்னும் ஜோர். பெரிய அளவு ஈய எழுத்து கனம் தாங்காது, விலையும் கட்டாது. 1827-ல் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தில் மர எழுத்து கடைந்தார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பாண்டோகிராஃபைச் சேர்த்தார். அப்புறம் ஒரே மாதிரியை வைத்து வேண்டிய அளவில் எழுத்து வெட்டலாம். கிளாரண்டனும் மரத்துக்கு வந்தது. மேலும் கீழும் மட்டும் பருத்து, நடுவில் மெலிந்த 'ஃபிரெஞ்சு கிளாரண்டன்' வந்தது. நம்ம கௌபாய் போஸ்டர் எழுத்து அதுதான்.

பெஸ்லி ஒன்றும் நஷ்டப்பட்டுத் தெருவுக்கு வரவில்லை. 1869-ல் லண்டன் மேயரே ஆனார்.

ஆனால் அந்த எழுத்தை வெட்டியது அவரில்லை. பெஞ்சமின் ஃபாக்ஸ் என்ற கைவினைஞர். எஃகுத் துண்டின் முனையில் ஒவ்வொரு எழுத்தாக, இடவலம் மாற்றி, கையால் செதுக்கணும். கண்ணு போற வேலை. அவர் பெயர் எழுத்திலும் இல்லை, பெரும்பாலான கதைகளிலும் இல்லை. சங்கத் தலைவரை இப்போ மாத்தலாமான்னு யோசிக்கிறேன்.

அப்புறம் ஒண்ணு. திருடுபோன என் பதிவில் ஒரு படம் இருந்ததே, அது கூகுளில் நான் சுட்டது :-)