மொழி ஆய்வகமும் ஃபிலிப்பின் வீடும்

1877-இல் ஃபோனோகிராஃபை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டார். பேச்சுப் பயிற்சியும் மொழிகளின் உச்சரிப்பைப் பதிந்து காப்பதும் அதில் உண்டு. எனினும் பல்கலைக்கழகத்தின் அயல்மொழி வகுப்புக்குள் இயந்திரம் பெரும் பொருட்செலவில் நுழைந்தது பின்னர் வந்த ஓர் அச்சத்தினால்தான்.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. கலங்கிய அமெரிக்கா 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி அயல்மொழிகளுக்கு நிதியை அள்ளி வழங்கியது. (அங்கே தமிழ் கற்பிக்கப்பட்டதிலும் இச்சட்டத்துக்குப் பங்குண்டு என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.) எங்கும் மொழி ஆய்வகங்கள் எழுந்தன. தடுப்புகளுக்கிடையே மாணவர் ஹெட்போன் அணிந்து அமர்வார். ஒலிநாடா ஒரு வாக்கியத்தைச் சொல்லி இடைவெளி விடும். அவர் திருப்பிச் சொல்வார். மொழி என்பது பழக்கம், பழக்கம் திரும்பச் செய்வதால் வரும் என்ற நடத்தைவாத உளவியலே இதற்கு அடிப்படை. சட்டம் வந்த மறு ஆண்டே, 1959-இல், ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் நோம் சாம்ஸ்கி அந்த அடிப்படையைத் தகர்த்தார். ஆனால் கருவிகள் வாங்கியாயிற்றே!

ஆய்வகத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆசிரியரின் பொறுமையைச் சோதிக்காமல் ஓர் அயல்நாட்டுக் குரலை நூறு முறை கேட்கும் வாய்ப்பை அதுதான் தந்தது. கெட்டது, கேட்டவர் சொல்ல விரும்பியது என்ன என்று அது ஒருபோதும் வினவாததே. நாங்கள் அறிந்த ஒரு கல்லூரியில் அத்தகைய அறை ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்பட்டது. தூசி படியாத ஹெட்போன்கள் அங்கே வரிசையாக இருந்தன.

சாம்ஸ்கி பணியாற்றிய அதே எம்.ஐ.டி.யில் 1983-இல் அதீனா என்னும் கணினித் திட்டம் தொடங்கியது. அதன் மொழிப் பிரிவில் பிரெஞ்சு ஆசிரியை ஜில்பெர்த் ஃபுர்ஸ்தென்பெர்க் லேசர் வட்டில் ஒரு கதையை உருவாக்கினார். பாரிசில் ஃபிலிப் என்னும் இளம் பத்திரிகையாளரைக் காதலி வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுகிறாள். அவருக்கு வேறு வீடு தேடித்தர வேண்டியவர் மாணவர். விளம்பரங்களைப் படிக்க வேண்டும், தொலைபேசியில் பதிவான செய்திகளைக் கேட்க வேண்டும், வீடுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மாணவரின் தேர்வுக்கேற்பக் கதையின் முடிவும் மாறும். ஒலிநாடாவின் முன் மாணவர் எதிரொலி. இங்கே அவர் நண்பர். எங்களுக்கு இந்த வேறுபாடு இயந்திரத்தின் ஆற்றலைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

1997-இல் அதே ஆசிரியை, சகாக்கள் சபீன் லெவே, ஷோகி வாரின் ஆகியோருடன் 'குல்த்துரா' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, வட்டும் கதையும் போய்விட்டன. இணையமும் எதிர்ப்பக்கத்து மனிதர்களும் வந்தனர். அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே சொற்களுக்குத் தம் மனத்தில் எழுவதை எழுதினர். 'தனிமனிதவாதம்' என்றதும் அமெரிக்கர் சுதந்திரம் என்றனர். பிரெஞ்சுக்காரர் தன்னலம் என்றனர். அகராதியில் இரண்டும் ஒரே சொல்.

இன்னொரு வியப்பு: அவர்கள் அயல்மொழியில் எழுதவில்லை. அவரவர் தாய்மொழியிலேயே எழுதினர். அரைகுறை மொழியில் எழுதினால் கருத்தும் அரைகுறையாகிவிடும் என்பது ஆசிரியர்களின் எண்ணம். ஒருவர் தயக்கமின்றித் தம் மொழியில் எழுதியது, மறுபக்கத்தவருக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத வாசிப்பாயிற்று. பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இருதரப்பும் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினர்.