மக்கள் துறை: தெட்போர்டு நகரின் சரித்திரம்

இங்கிலாந்தின் சரித்திரம் என்றவுடனே லண்டன் மாநகரமும், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பார்லிமெண்டு மாளிகையும், அரசர்களின் முடிசூட்டு வைபவங்களுமே நம்மவர் பலருடைய நினைவில் வந்து நிற்கின்றன. பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் நமக்குப் புகட்டி வந்த பாடம் அதுதான். ஆனால் ஒரு தேசத்தின் குணத்தை உள்ளபடி அறிய வேண்டுமாயின், அதன் சிறு நகரங்களையும் நாம் நோக்குதல் வேண்டும். சந்தை கூடும் இடத்திலும், சிறைச்சாலை வாசலிலும், தொழிலாளியின் பட்டறையிலும் நடந்தவை அரண்மனையில் நடந்தவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. அந்நோக்கத்துடன் தெட்போர்டு என்னும் ஒரு சிறு நகரத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம். பிறப்பினால் ஒருவன் மற்றொருவனை ஆளப் பிறந்தவன் என்னும் கொள்கையை உலகறியக் கண்டித்த பேரறிஞர் ஒருவரை அந்நகரம் பெற்றெடுத்தது. பெற்றதற்காகப் பெருமைப்படவும் அது நெடுங்காலம் தயங்கியது.

தெட்போர்டு லண்டனுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 80 மைல் தூரத்தில், நார்போக் ஜில்லாவின் தென் எல்லையில் இருக்கிறது. தெட், லிட்டில் ஊஸ் என்னும் இரு சிற்றாறுகள் அங்கே கூடுகின்றன. ஆழம் குறைந்த இடமாதலால் அவ்விடத்தில் ஆற்றை நடந்தே கடக்கலாம். இக்னீல்டு பாதை எனப்படும் மிகப் பழைய நெடுவழியும் அங்கேதான் ஆற்றைக் கடந்து சென்றது. பழைய ஆங்கில மொழியில் அந்நகரின் பெயருக்கு 'மக்கள் துறை' என்பது பொருள். அரசன் பெயராலன்றி, அடியார் பெயராலுமன்றி, மக்கள் பெயரால் அமைந்த ஊர் அது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.

நகரைச் சூழ்ந்த நிலப்பகுதிக்குப் பிரெக்லண்டு என்று பெயர். மேலே மணல், அடியிலே சுண்ணாம்புப் பாறை, அப்பாறையின் இடையிடையே சக்கிமுக்கிக் கல். இங்கிலாந்தில் மழை மிகக் குறைந்த பகுதிகளுள் அஃது ஒன்று. உழவுக்கு ஏற்ற வளமான பூமியாக இல்லாமையால், ஆடு மேய்ப்பதும் முயல் வளர்ப்பதும் அங்கே நெடுங்காலம் முக்கியத் தொழில்களாக இருந்தன. இறைச்சிக்கும் தோலுக்கும் பயன்பட்ட அம்முயல்கள் மடத்தாருக்கும் பிரபுக்களுக்கும் சொந்தமானவை. திருட வருவோரைத் தடுக்கச் சுமார் 1400-ம் ஆண்டில் கனத்த கற்சுவர்களோடு கட்டப்பட்ட காவல் வீடு ஒன்றை இன்றும் அங்கே காணலாம். முயலுக்குக் கோட்டை கட்டிக் காவல் வைத்த காலம் அது! மணலின் கொடுமையும் சிறியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் காற்றினால் பெயர்ந்து வந்த மணல், அருகிலுள்ள சான்டன் டவுன்ஹாம் என்னும் கிராமத்தில் வீடுகளைப் புதைத்து, ஆற்றின் போக்கையும் தடுத்ததாக 1668-ம் ஆண்டின் குறிப்பு ஒன்று கூறுகிறது.

இத்தகைய வறண்ட பூமியிலும் மனித உழைப்பு சும்மா இருந்ததில்லை. நகரிலிருந்து சுமார் ஏழு மைல் தூரத்தில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னும் இடத்தில் 400-க்கு மேற்பட்ட பழங்குழிகள் இருக்கின்றன. அவை பேய்களின் வேலையோ, தெய்வங்களின் வேலையோ என்று பிற்காலத்தார் மயங்கினர். 1868 முதல் 1870 வரை அங்கே தோண்டிப் பார்த்தபோது அவை சக்கிமுக்கிக் கல் எடுத்த சுரங்கங்கள் என்பது விளங்கிற்று. இற்றைக்குச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு, இரும்பும் அறியாத மக்கள் மான்கொம்புகளைக் கொண்டே சுமார் 40 அடி ஆழம் வரை வெட்டியிருக்கிறார்கள். பேயின் பெயரால் வழங்கிய இடத்தில் ஆராய்ச்சி கண்டெடுத்தது தொழிலாளியின் கைவேலையே!

தெட்போர்டு ஒரு காலத்தில் பெரிய நகரமாகவே விளங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியர் சேனை அங்கே குளிர்காலப் பாசறை அமைத்துத் தங்கியது. 1004-ம் ஆண்டில் டேனிய அரசன் ஸ்வேன் நகரை எரித்தான். மறுபடியும் எழுந்த நகரை 1066-ம் ஆண்டுக்குப் பின் நார்மானியர் கைப்பற்றி, ஒரு பெரிய மண்மேட்டை எழுப்பி அதன்மேல் கோட்டை கட்டினர். கோட்டை அழிந்து போயிற்று; மேடு மட்டும் இங்கிலாந்திலுள்ள இத்தகைய மேடுகளுள் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இன்றும் நிற்கிறது. அதைக் குவித்த கூலிகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1086-ம் ஆண்டில் எடுத்த நிலக்கணக்கைப் பார்த்தால், முன்பு 943 குடிகள் இருந்த இடத்தில் 720 குடிகளே எஞ்சினர் என்றும், 224 மனைகள் வெறுமையாய்க் கிடந்தன என்றும் தெரிகிறது. வெற்றியாளர் எழுதிய கணக்கே வெற்றியின் விலையைச் சொல்லிவிடுகிறது. சுமார் 1071-ம் ஆண்டில் அங்கு வந்த பிஷப்பின் பீடமும் 1094-ம் ஆண்டில் நார்விச் நகருக்குப் பெயர்ந்துவிட, தெட்போர்டு படிப்படியாகச் சுருங்கிற்று.

செல்வாக்கு குறைந்த ஊர்களில் மடங்கள் செழிப்பது பல நாட்டுச் சரித்திரத்திலும் நாம் காணும் காட்சி. 1103-ம் ஆண்டில் ரோஜர் பைகாட் என்னும் பிரபு அங்கே ஒரு பெரிய மடத்தை நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மேரி மாதா தோன்றித் தமக்கு ஓர் ஆலயம் கட்டும்படி கேட்டதாகச் செய்தி பரவிற்று. ஆலயம் கட்டும் காலத்தில், பழைய சிலையின் தலைக்குள் புனிதர்களின் எலும்புத் துண்டுகள் இருந்ததாகவும் சொல்லப்பட்டது. உடனே யாத்திரிகர் கூட்டம் பெருகியது, காணிக்கையும் பெருகியது. ஆயினும் 1540-ம் ஆண்டில் எட்டாம் ஹென்றி அரசன் மடத்தைக் கலைத்தபோது எந்த அற்புதமும் அதைக் காப்பாற்றவில்லை. தம் முன்னோர் கல்லறைகள் அங்கே இருந்தமையால் நார்போக் டியூக் செய்த விண்ணப்பமும் பலிக்கவில்லை. இடிந்த சுவர்களே இன்று எஞ்சியிருக்கின்றன.

இனி அந்நகரின் ஆட்சிமுறையைப் பார்ப்போம். 1574-ம் ஆண்டில் எலிசபெத் ராணி அளித்த சாசனப்படி, ஒரு மேயரும், 10 மூத்த அங்கத்தினரும், 20 சாதாரண அங்கத்தினரும் கொண்ட நகரசபை அமைந்தது. இந்த 31 பேர்தாம் பார்லிமெண்டுக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை பெற்றிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் நகரின் ஜனத்தொகை சுமார் இரண்டாயிரம். மீந்தவர்களுக்கு வோட்டு இல்லை, வாயும் இல்லை. அந்த 31 பேரும் தம் மனச்சாட்சிப்படி நடந்தனரா என்றால், அதுவும் இல்லை. நகருக்குச் சில மைல் தூரத்தில் யூஸ்டன் மாளிகையில் வசித்த கிராப்டன் டியூக் குடும்பத்தாரின் கண் அசைவுக்கு அவர்கள் பெரும்பாலும் கட்டுப்பட்டிருந்தனர். அக்குடும்பத்தின் மூன்றாம் டியூக் 1768 முதல் 1770 வரை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாகவும் இருந்தார்.

ஆண்டுதோறும் ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய நோன்புக் காலத்தில் ஜில்லா நீதிபதிகள் தெட்போர்டுக்கு வந்து விசாரணை நடத்துவார்கள். அக்காலச் சட்டத்தின் கொடுமையை அறிய ஓர் உதாரணம் போதும்: 1741-ம் ஆண்டுச் சட்டப்படி ஆடு திருடுவது மரண தண்டனைக்குரிய குற்றம். பசிக்காகத் திருடியவனும் தூக்குமரம் ஏற நேர்ந்தது. ஊரார் அதை வேடிக்கை பார்க்கக் கூடினர். ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சட்டம் என்பதன் முதற்பாடம் இவ்விதம் கிடைத்தது.

அத்தகைய நகரில் 1737-ம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ம் நாள் பழைய பஞ்சாங்கப்படி தாமஸ் பெயின் பிறந்தார். தகப்பனார் ஜோசப், சீமாட்டிகள் இடை சிறுத்துத் தோன்ற அணியும் கச்சு தைக்கும் தொழிலாளி. அவர் குவேக்கர் என்னும் பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவினர் பாதிரியும் சடங்கும் வேண்டாம் என்றும், மனிதர் யாவரும் சமம் என்றும் கூறுவோர். தாயார் அரசாங்கச் சர்ச்சைச் சேர்ந்தவர். ஒரு வக்கீலின் மகள். ஒரே வீட்டில் இரண்டு சமயங்கள் இருந்தமையால், எது சரி என்று கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு இளமையிலேயே வந்ததில் வியப்பில்லை.

பெயின் ஏழு அல்லது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, உறவினர் ஒருவர் வாசித்த பிரசங்கத்தைக் கேட்டார். மனிதர் பாவத்துக்காகக் கடவுள் தம் குமாரனையே பலியாக்கினார் என்பது அதன் சாரம். பின்னர்த் தோட்டத்துப் படிகளில் இறங்குகையில், 'நல்லவரான கடவுள் இப்படிச் செய்திருப்பாரா?' என்ற எண்ணம் எழுந்து அவரை உலுக்கிற்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் 'பகுத்தறிவின் காலம்' என்னும் நூலில் அவரே இதை எழுதி வைத்தார். பேராசிரியர் எவரும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. ஒரு சிறு நகரத்துத் தோட்டப் படியே அவருக்குக் கல்லூரியாயிற்று!

உள்ளூர்ப் பள்ளியில் படித்த பெயின், சுமார் பதின்மூன்றாம் வயதில் படிப்பை நிறுத்தித் தகப்பனாரிடம் தொழில் பழகினார். பிறகு கடலோடியாகவும், சுங்க உத்தியோகஸ்தராகவும் உழன்றார். குறைந்த சம்பளத்தால் வாடிய சுங்கச் சிப்பந்திகளுக்காக 1772-ம் ஆண்டில் விண்ணப்பம் எழுதினார். பலன், உத்தியோகம் போனதுதான். 1774-ம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். 1776-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 'பொது அறிவு' என்னும் அவருடைய சிறு நூல், அரசனிடம் சலுகை கேட்டு நின்ற அமெரிக்கரைச் சுதந்திரம் கேட்கச் செய்தது. அவ்வாண்டு ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் பிறந்தது.

அவர் 1791, 1792-ம் ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதிய 'மனிதனின் உரிமைகள்' என்னும் நூலைப் படிப்போர் அதில் தெட்போர்டின் நிழலைக் காணலாம். மூன்று வீடுகூட இல்லாத பழைய சாரம் இரண்டு பிரதிநிதிகளை அனுப்ப, அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லையே என்று அவர் கேட்டார். 31 பேர் வோட்டுரிமையைக் கையில் வைத்திருந்த ஊரில் வளர்ந்தவருக்கு அக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. கிழவர்களுக்கு உதவிப் பணம், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு ஆண்டொன்றுக்கு நான்கு பவுன், பெரிய சொத்துக்கு ஏறிச் செல்லும் வரி ஆகியவற்றை அவர் கணக்குப் போட்டே காட்டினார். தருமம் செய்யுங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. இது ஜனங்களின் உரிமை என்றார்.

அதற்குக் கிடைத்த பரிசு யாது? 1792-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து அரசாங்கம், அவர் பிரான்சில் இருக்கையிலேயே வழக்கு நடத்திக் குற்றவாளி என்று தீர்த்தது. பல ஊர்களில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். பிரான்சிலோ, அரசனைக் கொல்ல வேண்டாம் என்று வாதாடியதோடு அங்குள்ள தீவிரக் கட்சியாரின் பகைக்கும் ஆளாகி, சுமார் பத்து மாதம் சிறையில் கிடந்தார். 1809-ம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் அவர் இறந்தபோது, சவ அடக்கத்துக்கு வந்தவர் மிகச் சிலரே. எனினும் அவருடைய நூல் கடல் கடந்தது. மராட்டிய நாட்டில் ஜோதிராவ் புலே 1847-ம் ஆண்டில் 'மனிதனின் உரிமைகள்' நூலைப் படித்து ஊக்கம் பெற்றார். அடுத்த ஆண்டே அவரும் சாவித்திரிபாய் அம்மையாரும் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர்.

தெட்போர்டும் காலத்தோடு மாறியே வந்தது. அதன் தனித் தொகுதி 1868-ம் ஆண்டில் எடுபட்டது. பஞ்சாபை 1849-ம் ஆண்டில் பிரிட்டிஷார் கவர்ந்தபோது சிறு பிள்ளையாகச் சிங்காதனம் இழந்த துலீப் சிங் மகாராஜா, 1863-ம் ஆண்டில் நகருக்கு அருகே எல்வடன் பண்ணையை வாங்கி வேட்டையில் பொழுது போக்கினார். 1893-ம் ஆண்டில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவர் மகன் பிரெடரிக் அளித்த பழைய வீடு இன்று நகரின் பொருட்காட்சிசாலை. 1904-ம் ஆண்டில் பஹாமா தீவுகளில் பிறந்த கறுப்பு இனத்தவரான டாக்டர் ஆலன் மின்ஸ் என்பவரை நகரசபை மேயராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனின் முதல் கறுப்பின மேயர் அவரே என்பர். ஒரு காலத்தில் டியூக்கின் கண்ணசைவுக்குக் காத்திருந்த சபை, நிறத்தையும் பிறப்பையும் பாராது ஒருவரைத் தலைவராக்கிற்று. பெயின் கேட்டதும் இதுவன்றோ!

ஆயினும் பெயினுக்குச் சிலை எழுப்ப ஊரார் அவசரப்படவில்லை. 1943-ம் ஆண்டில், யுத்தத்துக்காக அப்பக்கம் வந்திருந்த அமெரிக்க விமானப் படையினர் தம் கைப்பணத்தில் அவருக்கு ஞாபகப் பலகை வைத்தனர். 1964-ம் ஆண்டில், அதுவும் அமெரிக்க அன்பர்களின் உதவியால், சர் சார்லஸ் வீலர் செய்த பொன்முலாம் பூசிய சிலை நடுத்தெருவில் நின்றது. கையில் இறகுப் பேனாவும் 'மனிதனின் உரிமைகள்' நூலும். நூல் மட்டும் தலைகீழாக இருக்கிறது! 

1922-ம் ஆண்டு முதல் நட்ட பைன் மரங்கள் இன்று ஏறத்தாழ 19,000 ஹெக்டேர் காடாகி, பறந்து திரிந்த மணலை அடக்கிவிட்டன. 1950-களின் இறுதி முதல் லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. பின்னர்ப் போர்ச்சுகல் முதலிய நாட்டினரும் வந்தனர். ஜனத்தொகை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்றும் அது சிறு நகரம்தான்.

கோட்டை கட்டியவன், மடம் கட்டியவன், மாளிகை கட்டியவன் ஆகிய யாவரும் தெட்போர்டில் தம் பெயர் நிலைக்கும் என்றே எண்ணினர். மண்மேடும் இடிசுவருமே மிஞ்சின. கச்சு தைத்தவரின் மகன் கேட்ட கேள்வி மட்டும் கண்டங்கள் தாண்டி உயிரோடு இருக்கிறது. ஊர் சிறிது, தொழில் எளிது, படிப்பு சொற்பம் என்று தம் பிள்ளைகளின் அறிவுக்கு எல்லை கட்டும் பெற்றோர் நம்மிடையே உண்டாயின், இச்சரித்திரத்தை அவர்கள் ஒருமுறை படிக்கட்டும். பிள்ளை 'ஏன்?' என்று கேட்கும்போது அதட்டி வாயை அடக்காதிருப்பார்களானால், மக்கள் துறையின் சரித்திரம் அவர்களுக்குப் பயன்பட்டதென்று நாம் மகிழ்வோம்.